ரத்தம் தெரிந்தால் வெளியே

புருவத்துக்கு மேல் ஒரு சின்னக் கீறல். ரீபவுண்டுக்குத் தாவியபோது யாருடைய முழங்கையோ பட்டிருக்கும். அடிபட்டவருக்கே தெரியாது, நடுவருக்குத் தெரிந்துவிடுகிறது. விசில் ஊதி, பெஞ்ச் பக்கம் கையைக் காட்டுகிறார். உடனே ஒரு மறுப்பு வரும். ஹைதராபாத் கோர்ட்டுகளில் அதை மூன்று மொழிகளில் கேட்கலாம். பழைய நகரத்துப் பையன் என்றால் 'குச் நை ஹுவா'. தெலுங்குப் பையன் 'ஏமீ காலேது சார்' என்பான். செகந்திராபாத் தமிழ்ப் பையன் 'ஒண்ணுமில்ல சார்' என்று சொல்லிக்கொண்டே சட்டைத் தோளில் நெற்றியைத் துடைப்பான். எந்த மொழியில் சொன்னாலும் நடுவர் மசியமாட்டார். போய்த்தான் ஆகவேண்டும்.

கேலரியில் இருப்பவர்களுக்கு இது அநியாயமாகப்படும். கடைசி இரண்டு நிமிடம், மூன்று புள்ளி வித்தியாசம், அணியின் நல்ல ஆட்டக்காரர். ஒரு துளி ரத்தத்துக்காக அவரை வெளியேற்றுவதா? கபடியில், கால்பந்தில், கிரிக்கெட்டில் தலையில் கட்டோடு ஆடியவர்களைத் தோளில் தூக்கிக் கொண்டாடி வளர்ந்தவர்கள் நாம். நமக்கு இந்த விதி கொஞ்சம் கோழைத்தனமாகக்கூடத் தோன்றலாம். ஆனால் விளையாட்டு விதிப் புத்தகங்களில் இவ்வளவு மனிதாபிமானமான பகுதிகள் அதிகம் இல்லை.

முதலில் விதி என்ன சொல்கிறது என்று பார்த்துவிடலாம். சர்வதேசக் கூடைப்பந்து சம்மேளனமான ஃபீபாவின் விதிப் புத்தகத்தில் ஐந்தாவது பிரிவு காயங்களைப் பற்றியது. ஒருவர் அடிபட்டு விழுந்தால் நடுவர் ஆட்டத்தை நிறுத்தலாம். ஆனால் பந்து ஆட்டத்தில் இருந்தால், அதை வைத்திருக்கும் அணி கூடையை நோக்கி எறியும்வரையோ, பந்தை இழக்கும்வரையோ, ஆடாமல் நிறுத்தும்வரையோ காத்திருக்க வேண்டும். எதிரணி தாக்க வரும்போது காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து ஆட்டத்தை நிறுத்தும் தந்திரம் இங்கே பலிக்காது. அடிபட்டவருக்கு உண்மையிலேயே ஆபத்து என்றால் மட்டும் அந்தக் கணமே விசில்.

அடுத்தது 15 விநாடிக் கணக்கு. விழுந்தவர் ஏறக்குறைய 15 விநாடிக்குள் எழுந்து ஆடத் தயாராக வேண்டும். முடியாவிட்டாலும், சிகிச்சை பெற்றாலும், கோச்சோ சக ஆட்டக்காரரோ உள்ளே வந்து உதவினாலும் அவருக்குப் பதில் வேறொருவர் இறங்கவேண்டும். பெஞ்சில் இருப்பவர்கள் நடுவரின் அனுமதியின்றி உள்ளே வரக் கூடாது. டாக்டருக்கு மட்டும் விலக்கு. உடனடிச் சிகிச்சை தேவை என்று அவர் கருதினால் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

ரத்தத்துக்குத் தனி விதி. ரத்தம் வந்தாலோ திறந்த காயம் இருந்தாலோ 15 விநாடிக் கணக்கெல்லாம் கிடையாது, மாற்றியே ஆகவேண்டும். ரத்தம் நின்று, காயம் முழுவதுமாக, அவிழாதபடி மூடப்பட்ட பிறகுதான் திரும்பலாம். ஒரே ஒரு ஜன்னல் திறந்திருக்கிறது. இரு அணிகளில் எது டைம் அவுட் எடுத்தாலும், மாற்று ஆட்டக்காரருக்கான சைகை ஒலிப்பதற்குள் காயத்தைக் கட்டி முடித்துவிட்டால் அவரே தொடரலாம். அந்த ஒரு நிமிடத்துக்காகக் கைவசமிருக்கும் டைம் அவுட்டைச் செலவழிக்கும் கோச்சுகள் உண்டு.

இந்த இரண்டு விதிகளையும் அடுத்தடுத்து வைத்துப் படித்தால் ஒரு வித்தியாசம் தெரியும். சாதாரணக் காயத்துக்கான விதியில் ஒரு சலுகை இருக்கிறது. மாற்றுவதால் களத்தில் ஐந்து பேருக்குக் குறைவாகிவிடும் என்றால் மாற்ற வேண்டியதில்லை. சுளுக்கிய காலோடு அவரே தொடரலாம். ரத்த விதியில் அந்தச் சலுகை இல்லை. பெஞ்ச் காலியாக இருந்தாலும் ரத்தம் சிந்துபவர் வெளியேற வேண்டும், அணி நான்கு பேரோடு ஆடவேண்டும். காரணம் எளிது. கணுக்கால் வலி ஒருவருடைய சொந்த விஷயம். ரத்தம் மற்ற ஒன்பது பேருடைய விஷயமும்கூட.

ரத்தத்தின் மீது இந்தப் பயம் விளையாட்டில் எப்போது புகுந்தது என்றால் எல்லோரும் ஒரு தேதியைச் சொல்வார்கள்: நவம்பர் 7, 1991. லாஸ் ஏஞ்சலிஸ் லேக்கர்ஸ் அணியின் மாஜிக் ஜான்சன் தனக்கு எச்.ஐ.வி. தொற்று இருப்பதாக அறிவித்து ஓய்வுபெற்ற நாள். அடுத்த ஆண்டு பார்சிலோனா ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் 'கனவு அணி'யில் ஆடித் தங்கம் வென்றார். மீண்டும் லேக்கர்சுக்கு ஆட ஆசைப்பட்டார். கார்ல் மலோன் போன்ற சக நட்சத்திரங்களே தங்கள் தயக்கத்தை வெளிப்படையாகச் சொன்னார்கள். 1992 அக்டோபர் இறுதியில் வட கரோலினாவின் சேப்பல் ஹில்லில் ஒரு பயிற்சி ஆட்டம். மாஜிக்கின் கையில் ஒரு கீறல். அணியின் பயிற்சியாளர் கேரி விட்டி கையுறை அணியாமலே அதற்குக் கட்டுப் போட்டார். பயப்பட ஒன்றுமில்லை என்று மற்றவர்களுக்குக் காட்ட வேண்டும் என்றே அப்படிச் செய்தார். ஆனால் அரங்கத்தின் கண்கள் அந்தக் கீறலை விட்டு அகலவில்லை. நவம்பர் 2ல் மாஜிக் மறுபடி ஓய்வை அறிவித்தார். 1996ல் அவர் மூன்றாவது முறையாக வந்தபோது உலகம் கொஞ்சம் தெளிந்திருந்தது. 32 ஆட்டங்கள் ஆடினார்.

அந்தக் காலத்துப் பீதி நமக்கும் புதிதல்ல. இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதலில் கண்டறியப்பட்டது 1986ல், சென்னையில். டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் கண்டறிந்தார்கள். பிறகு பல ஆண்டுகள் அந்த மூன்றெழுத்தைக் கேட்டாலே பக்கத்தில் உட்கார அஞ்சினார்கள். ஆனால் ஆடுகளத்தில் எச்.ஐ.வி. பரவும் அபாயம் மிக மிகக் குறைவு என்பதே மருத்துவர்களின் கருத்து.

ரத்த விதிக்கு உண்மையான நியாயம் வழங்கும் வைரஸ் வேறு: ஹெபடைடிஸ் பி. ஈரலைத் தாக்கும் இது எச்.ஐ.வி.யைவிடப் பல மடங்கு எளிதாகத் தொற்றும். உடலுக்கு வெளியே, காய்ந்த ரத்தத்தில்கூடக் குறைந்தது ஏழு நாள் உயிர்ப்போடு இருக்கும். ஜப்பானில் ஒரு உயர்நிலைப் பள்ளியின் சுமோ மல்யுத்தக் குழுவில் இது மாணவர்களிடையே பரவியதை 1982லேயே மருத்துவர்கள் ஆராய்ந்து எழுதிவிட்டார்கள். மாஜிக் ஜான்சனின் அறிவிப்புக்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு. அப்போது யாரும் பெரிதாகக் கவலைப்படவில்லை. மாஜிக் வந்த பிறகு எல்லோரும் கையுறையைத் தேடினார்கள். தவறான பயம் சரியான விதியைக் கொண்டுவந்தது என்று சொல்லலாம்.

இந்தக் கதையில் ஹைதராபாத்துக்குக் கௌரவமான இடம் இருக்கிறது. ஹெபடைடிஸ் பி தடுப்பூசி ஒரு காலத்தில் இறக்குமதிச் சரக்கு. வசதியானவர்களுக்கு மட்டும் எட்டியது. ஹைதராபாத்தின் சாந்தா பயோடெக்னிக்ஸ் நிறுவனம், மரபணுத் தொழில்நுட்பத்தில் இந்தியாவிலேயே உருவான முதல் தடுப்பூசியை 1997ல் 'ஷான்வாக்-பி' என்ற பெயரில் கொண்டுவந்தது. நிறுவியவர் வரப்பிரசாத் ரெட்டி, எலெக்ட்ரானிக்ஸ் படித்த எஞ்சினியர். விலை மளமளவென்று இறங்கியது. 2011ல் இந்தத் தடுப்பூசி நாடு முழுவதும் குழந்தைகளுக்கான அரசுத் தடுப்பூசித் திட்டத்தில் சேர்ந்தது. இன்று பள்ளி அணியில் ஆடும் பிள்ளைகளில் பலர் கைக்குழந்தையாக இருந்தபோதே அந்த ஊசியைப் போட்டுக்கொண்டவர்கள். அதற்கு முன் பிறந்த கோச், நடுவர், மூத்த ஆட்டக்காரர்கள் போட்டுக்கொண்டார்களா என்பதை அவர்களே விசாரித்துக்கொள்வது நல்லது.

சரி, வெளியே போகச் சொல்வது கடுமைதான். ஆனால் கூடைப்பந்தில் அந்தக் கடுமையைத் தாங்கிக்கொள்ள முடிகிறது. ஏனென்றால் வெளியே போனவர் திரும்பி வரலாம். எத்தனை முறை வேண்டுமானாலும்.

ஆரம்பத்தில் அப்படி இல்லை. 1891ல் ஜேம்ஸ் நெய்ஸ்மித் ஸ்பிரிங்ஃபீல்டில் எழுதிய 13 விதிகளிலேயே காயமும் மாற்று ஆட்டக்காரரும் வருகிறார்கள், ஆனால் வேறு விதமாக. எதிராளியைக் காயப்படுத்தும் நோக்கத்தோடு ஒருவர் தாக்கினால் அவர் ஆட்டம் முழுவதும் வெளியே. அவருக்குப் பதில் ஆள் கிடையாது என்றார் நெய்ஸ்மித். முரட்டுத்தனமில்லாத ஒரு ஆட்டத்தைத் தேடியவருக்கு அது முக்கியமாகப்பட்டது. அமெரிக்கக் கல்லூரி ஆட்டங்களில் 1920கள் வரை, வெளியேறியவர் உள்ளே திரும்பவே முடியாது. பிறகு ஒரு முறை, அப்புறம் இரண்டு முறை என்று தளர்ந்து, 1944-45ல்தான் கணக்கற்ற மாற்றம் வந்தது. அந்தத் தளர்வு இல்லையென்றால் ரத்த விதி ஒரு தண்டனையாகியிருக்கும். தண்டனை என்றால் மறைப்பார்கள். ரத்தத்தை நாக்கால் துடைப்பார்கள், கையை முதுகுக்குப் பின்னால் ஒளிப்பார்கள்.

மாற்று ஆள் இல்லாத ஆட்டங்களில் என்ன நடக்கும் என்பதற்கு ஹைதராபாத்தின் மிகப் பெரிய விளையாட்டுக் கதையே சாட்சி. செப்டம்பர் 4, 1962. ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுக் கால்பந்து இறுதி ஆட்டம். இந்தியாவின் கோச் ஹைதராபாத்தின் சையது அப்துல் ரஹீம், முன்னாள் பள்ளி ஆசிரியர். கோல் காத்தவர் செகந்திராபாத்தில் ஆடி வளர்ந்த பீட்டர் தங்கராஜ். காய்ச்சலால் அரையிறுதியில் ஆடாமல் இருந்து, எழுந்து வந்தவர். முன்வரிசையில் செகந்திராபாத் தமிழ்க் குடும்பத்துத் துளசிதாஸ் பலராம். தடுப்பு அரணான ஜர்னைல் சிங்கின் தலையில் தாய்லாந்து ஆட்டத்தில் பட்ட காயத்துக்குத் தையல். தலையால் பந்தை முட்டித் தடுக்க முடியாது என்பதால் ரஹீம் அவரை அரையிறுதியிலும் இறுதியிலும் முன்கள ஆட்டக்காரராக்கினார். இரண்டிலும் ஜர்னைல் கோல் போட்டார். தென் கொரியாவை 2-1 என்று வென்று இந்தியா தங்கம் பெற்றது. ரஹீம் அப்போது புற்றுநோயோடு இருந்தார். அடுத்த ஆண்டு ஜூனில் காலமானார்.

இந்தக் கதையைக் கேட்டு மெய்சிலிர்க்காதவர் இருக்க முடியாது. ஆனால் அந்த நாளில் கால்பந்தில் ஆடும்போது ஒருவருக்கு அடிபட்டால் அவருக்குப் பதில் இன்னொருவரை இறக்கும் வசதி இல்லை. உலகக் கோப்பையிலேயே மாற்று ஆட்டக்காரர் வந்தது 1970ல்தான். தையல் பிரிந்து ரத்தம் வழிந்திருந்தால் ஜர்னைல் சிங்குக்கு இருந்த வழிகள் இரண்டே: அப்படியே ஆடுவது, அல்லது அணியைப் பத்துப் பேரோடு விட்டுச் செல்வது. மானமுள்ள எவரும் எதைத் தேர்ந்தெடுப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. வேறு வழியே இல்லாத ஒருவரை 'நீயே முடிவு செய்' என்று விடுவதில் நியாயம் இல்லை.

கிரிக்கெட் இப்போதுதான் இந்தப் பாடத்தைப் படிக்கிறது. 2025 ஜூலையில் மான்செஸ்டரில் ரிஷப் பந்த் உடைந்த பாதத்தோடு நொண்டி வந்து அரை சதத்தைக் கடந்தார். ஆகஸ்ட் 4ல் ஓவலில் இங்கிலாந்தின் கிறிஸ் வோக்ஸ் தோள் விலகிய நிலையில், ஒரு கையை ஸ்வெட்டருக்குள் கட்டிக்கொண்டு களமிறங்கினார். எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அதே மாதம் இந்தியக் கிரிக்கெட் வாரியம், உள்நாட்டுப் பல நாள் ஆட்டங்களில் கடுமையாகக் காயமடைந்தவருக்கு முழுமையான மாற்று ஆட்டக்காரரை அனுமதித்தது. கௌதம் கம்பீர் இந்த யோசனையை ஆதரித்தார். பென் ஸ்டோக்ஸ் அபத்தம் என்றார். ஓட்டைகளைத் தேடுவார்கள் என்பது ஸ்டோக்ஸ் தரப்பின் வாதம்.

அந்த வாதத்தை அலட்சியப்படுத்த முடியாது. 2020 டிசம்பரில் கான்பெராவில் ரவீந்திர ஜடேஜாவின் ஹெல்மெட்டில் பந்து பட்டது. தலையதிர்ச்சி மாற்றாக வந்த யுஸ்வேந்திர சாஹல் மூன்று விக்கெட் எடுத்து ஆட்ட நாயகனானார். சேலத்து நடராஜன் முதல் டி-20 சர்வதேச ஆட்டம் ஆடிய அதே நாள். ஆஸ்திரேலியக் கோச் லாங்கர் மேட்ச் ரெஃப்ரியிடம் வாதாடிய காட்சி பலருக்கு நினைவிருக்கும்.

கூடைப்பந்திலும் இதே சபலத்துக்கு இடமுண்டு, குறிப்பாக ஃப்ரீ த்ரோவில். ஃபவுல் செய்யப்பட்டவர் மோசமாக எறிபவர் என்றால், 'காயம்' என்று சொல்லி அவரை உட்காரவைத்து, நன்றாக எறிபவரை அனுப்பலாமே? ஃபீபா விதிப்படி அடிபட்டவருக்குப் பதில் இறங்குபவரே எறியவேண்டும். அமெரிக்காவின் என்.பி.ஏ. இன்னும் கறார். சாதாரண ஃபவுலில் அடிபட்டவர் எறியாவிட்டால் அவருக்குப் பதில் யார் எறிவது என்பதை எதிரணிக் கோச் முடிவு செய்வார். அடிபட்டவர் அந்த ஆட்டத்தில் திரும்ப முடியாது. 2013 ஏப்ரல் 12ல் கோபி பிரையன்ட் குதிகால் நரம்பு அறுந்த நிலையிலும் கோட்டில் நின்று இரண்டு ஃப்ரீ த்ரோவையும் கூடையில் போட்டுவிட்டு நடந்து வெளியேறினார். அந்தக் காட்சி இன்றும் பேசப்படுகிறது. அவருடைய மனவுறுதி அபாரம். ஆனால் ஏமாற்றுக்காரனுக்குப் போட்ட பூட்டு, நிஜமாக அடிபட்டவரையும் கோட்டில் நிற்கத் தூண்டும் என்பதற்கும் அதுவே உதாரணம். விதி எழுதுபவர்களின் வேலை அவ்வளவு சிக்கலானது.

ரத்த விதியின் சிறப்பு இங்கேதான். அதில் ஊகத்துக்கு இடமில்லை. நடிக்கிறாரா, வலிக்கிறதா, எவ்வளவு வலிக்கிறது என்றெல்லாம் நடுவர் யோசிக்க வேண்டாம். சிவப்பு தெரிகிறதா, இல்லையா? அவ்வளவுதான். முடிவு அடிபட்டவர் கையிலும் இல்லை, அவரை எப்படியாவது ஆடவைக்க விரும்பும் கோச் கையிலும் இல்லை. அதனால் வெளியே போகும் பையனை யாரும் பயந்தாங்கொள்ளி என்று சொல்ல முடியாது. அனுப்பியது விதி.

அதே காரணத்தால் அதன் குறையும் இங்கேதான். கண்ணுக்குத் தெரிவதை மட்டுமே அது பார்க்கிறது. புருவத்துக் கீறலுக்கு ஒருவர் வெளியே போகிறார். மரத்தரையில் பின்னந்தலை மோதி, பத்து விநாடியில் எழுந்து, ஸ்கோர் என்ன என்று தெரியாமல் விழிப்பவர் 15 விநாடிக் கணக்கில் தேறிவிடுகிறார். இரண்டாமவரின் நிலைதான் ஆபத்து. என்.பி.ஏ. 2011ல் இதற்கென்று தனிக் கொள்கை வகுத்தது: தலையதிர்ச்சி என்று உறுதியானால் அன்று ஆட்டம் முடிந்தது. நம் மாவட்ட, கல்லூரிப் போட்டிகளில் அதை உறுதிசெய்ய டாக்டர் வேண்டும். டாக்டர் யார் அனுமதியும் இன்றி உள்ளே வரலாம் என்று ஃபீபா எழுதிவைத்திருக்கிறது. வருவதற்கு அரங்கத்தில் ஒருவர் இருந்தால்தானே?

ஹைதராபாத்துக்கு அரங்கங்களில் குறைவில்லை. 2002 தேசிய விளையாட்டுப் போட்டிகள் இந்த நகரத்தில் நடந்தன. கச்சிபௌலியில் பெரிய உள்ளரங்கம் இருக்கிறது. 2015ல் யு.பி.ஏ. தொழில்முறை லீக் தொடங்கியபோது 'ஹைதராபாத் ஸ்கை' என்று ஓர் அணி இருந்தது. அந்த உயரத்தில் ஆடும்போது பிசியோ உண்டு, பெஞ்ச் நிறைய ஆள் உண்டு. சிக்கல் கீழே, சிமெண்ட் கோர்ட்டில். அங்கே பல அணிகள் ஏழு எட்டுப் பேரோடு வருகின்றன. முழங்கால் சிராய்ப்பு சர்வ சாதாரணம். ரத்தம் வந்தவரை நடுவர் வெளியே அனுப்பிவிடலாம். ஆனால் காயத்தைக் கழுவத் தண்ணீர், மூடப் பிளாஸ்திரி, கட்டுபவருக்குக் கையுறை, தரையில் சிந்தியதைத் துடைக்க பிளீச்சிங் கரைசல் இல்லையென்றால் அவர் திரும்பி வரவே முடியாது. அப்போது கணக்கற்ற மாற்றம் என்ற வசதி காகிதத்தில் மட்டும் இருக்கிறது. 'ஒண்ணுமில்ல சார்' என்று அந்தப் பையன் பொய் சொல்வது அதனால்தான். அவனுக்குத் தெரியும், வெளியே போனால் கட்டுப் போட ஆளில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு ஆட அனுமதிக்கும் நடுவரும் இரக்கத்தால்தான் அப்படிச் செய்கிறார். அந்த இரக்கம் மற்ற ஒன்பது பேருக்குச் செய்யும் துரோகம்.

இதைச் சரிசெய்ய ஃபீபா கூட வேண்டியதில்லை, விதியில் ஒரு வரியும் மாற வேண்டியதில்லை. போட்டி நடத்துபவர்கள் அணிகளுக்கு அழைப்பு அனுப்பும்போதே, முதலுதவிப் பெட்டியும் அதைப் பயன்படுத்தத் தெரிந்த ஒருவரும் கோர்ட் ஓரத்தில் இருப்பார்கள் என்று உறுதி தரட்டும். தலை தரையில் மோதியவர் அன்றைக்கு இனி ஆடமாட்டார் என்று போட்டியின் சொந்த விதியாகவே சேர்க்கட்டும். டாஸ் போடுவதற்கு முன்போ, பந்தை மேலே எறிவதற்கு முன்போ, நடுவர்கள் ஸ்கோர் மேஜை, கடிகாரம், பந்தின் காற்று எல்லாவற்றையும் சோதிக்கிறார்கள். அந்தப் பட்டியலில் பிளாஸ்திரியையும் சேர்த்துவிட்டால் போதும். பெட்டி இல்லை என்றால் பந்து மேலே போகாது என்று நான்கு நடுவர்கள் நான்கு போட்டிகளில் சொல்லிப் பார்க்கட்டும். ஐந்தாவது போட்டியில் பெட்டி தானாக வந்துவிடும்.